இணைப்பாடம் இல்லை

தேர்வுப் பிரிவு, மூன்றாம் சன்னல்.
ஆறுமுகநயினார் சார் என் மதிப்பெண் தாளைக்
கரண்டு பில் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
பனிப்பொழிவும் உருகுநீரும், நான்கு கிரெடிட்.
"ஏட்டி, பாளையங்கோட்டையில
எந்தப் பனிய உருக்கப் போற?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும்தான். வேறென்ன செய்ய.
மைனஸ் இருபத்தாறில் ஏரி நடுவில் நின்று
உறைந்த நீரில் துளை போட்டு
ஆழம் அளந்த கை
படிவத்தில் கையெழுத்துப் போட்டது:
இணைப்பாடம் இல்லை.
ஆகவே பாசனப் பொறியியல், அரியர்.
கட்டணம் தனி.

ஒருத்தி போனால் ஒருத்தி வரவேண்டும்,
ஒப்பந்தம் அப்படி.
நான் ஓலுவுக்குப் போன அதே வாரம்
ஓலுவிலிருந்து ஐலா வந்தாள்.
எங்கோ மேகத்துக்கு மேலே
ஒருவரையொருவர் கடந்திருப்போம்,
இருவரும் தூங்கிக்கொண்டு.
என் கட்டில். என் வாளி.
வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடியில்
பென்சிலால் அவள் பெயர்.
மார்ச்சில் திரும்பி வந்தபோது
வாளியின் உடைந்த கைப்பிடிக்குப் பதில்
நைலான் கயிறு இருந்தது,
எனக்கு அவிழ்க்கத் தெரியாத முடிச்சோடு.

பாசனப் பொறியியலில் அவள் எண்பத்தொன்பது.

மாரிச்செல்வி சொன்னாள்:
"அவ எங்க கிளாஸ்ல இருந்தா?
சைக்கிள எடுத்துட்டு அணைக்கட்டு அணைக்கட்டா அலைஞ்சா.
சுத்தமல்லில ஷட்டர் திறக்கிற லஸ்கர்
பைய இறங்கும்மா வழுக்கும்னு சொன்னாராம்,
அன்னையிலருந்து எல்லாத்துக்கும் பையதான்.
பைய சாப்பிடு. பைய தூங்கு.
பரீட்சை ஹால்லகூட
பையன்னு எனக்கு வாழ்த்துச் சொன்னா.
நான் பைய எழுதி
கடைசிக் கேள்விய விட்டுட்டேன்."

அரியருக்குப் படிக்க
ஆய்வக அலமாரியில் அவள் விட்டுப்போன
நோட்டைத்தான் எடுத்தேன்.
கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை
எட்டு அணைக்கட்டும் நீல மையில்.
ஊர்ப் பெயர்களின் தலையில்
இரண்டிரண்டு புள்ளி.
ஒரே ஒரு பெயரைத் தமிழில் எழுதப் பார்த்திருக்கிறாள்,
அரியநாயகிபுரம்.
மூன்று எழுத்தோடு கை ஓய்ந்துவிட்டது:
அரிய

அடுத்த பக்கம்.
கோடகன் கால், டிசம்பர் ஒன்பது, காலை ஏழு.
மிதவைக்கு ஆரஞ்சுத் தோல்.
பத்து மீட்டர், இருபத்து மூன்று வினாடி.
கீழே ஒரு குறிப்பு, இரண்டு அடிக்கோடு:
தண்ணீர் இளஞ்சூடு.

அம்மா போர்வை அலசுகிற வாய்க்கால் அது.
அதன் அகலம் கேட்டால்
தாண்ட முடியாத அகலம் என்றிருப்பேன்.
இளஞ்சூடு என்பது
எனக்கு ஒரு தகவலாகவே பட்டதில்லை.

அவள் ஊர் ஏரியின் பனிக்கட்டித் தடிமனை
நாற்பத்தொரு நாள் அளந்து
நானும் ஒரு நோட்டை அங்கே விட்டு வந்தேன்.
எடுத்திருப்பாளா.
அங்கேயும் ஒரு சன்னல் இருந்து,
சட்டை மடிப்புக் கலையாத ஒருவர்
இங்கே எந்த வயலுக்கம்மா தண்ணீர் பாய்ச்சுவாய் என்று
அவர்கள் மொழியில், சிரிக்காமல்,
கேட்டிருப்பாரோ என்னவோ.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஒரு அட்டவணை.
செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி.
மார்ச்சுக்கும் கட்டம் போட்டிருக்கிறாள்.
தான் இருக்கப் போவதில்லை என்று
தெரிந்தே போட்ட கட்டம்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு
கரையில் பத்து மீட்டர் தள்ளி
இரண்டு கல் வைத்தேன்.
பேட்டைச் சந்தையில் ஆரஞ்சு இல்லை,
சாத்துக்குடித் தோல்.
முழங்காலுக்கும் கீழே இறங்கிப்போன தண்ணீரில்
அது நகரவா வேண்டாமா என்று நின்றது.
படித்துறையிலிருந்து அம்மா:
"என்னட்டி, சின்னப்பிள்ள மாதிரி
தோல விட்டு விளையாடுத?"

பேசாம இரும்மா,
எண்ணிக்கிட்டிருக்கேன்.